25 வயதில் நாரி தேய்ந்துவிட்டதா?

கேள்வி:

வணக்கம் மிஸ். எனக்கு 25 வயது, ஊர் உப்புவெளி. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை செய்கிறேன். பின்னேரம் ஆறு மணிக்குத் தொடங்கினால் இரவு ஒரு மணிக்கு முடியும். பெரும்பாலும் கட்டிலில் சாய்ந்துகொண்டுதான் வேலை. அப்பாவுக்கு மீன் வியாபாரம். சித்திரையில் மீன் வரத்துக் கூடியபோது விடிய நாலரைக்கு எழும்பி அவருக்கு ஐஸ் பெட்டி ஏற்றி இறக்கிக் கொடுத்தேன். இரண்டாவது கிழமை ஒரு பெட்டியைத் தூக்கும்போது நாரி (கீழ்முதுகு) பிடித்துவிட்டது. இரண்டு நாள் எழும்ப முடியவில்லை. பிறகு குறைந்தாலும் மூன்று மாதமாக முழுதாகப் போகவில்லை. சில நேரம் வலது பின்தொடை வரை இழுக்கும். காலையில் பத்து நிமிடம் விறைப்பு. தனியார் இடத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கானில் எல்-4, எல்-5 என்கிற நாரி எலும்புகளுக்கு இடையில் டிஸ்க் தேய்மானம், டிஸ்க் பல்ஜ் (பிதுக்கம்) என்று இருக்கிறது. பாரம் தூக்காதே, குனியாதே, விளையாடாதே, பெல்ட் போடு என்றார்கள். குனிந்தால் நோகிறது, இப்போது சப்பாத்து நூல் கட்டவே பயம். மென்பந்துக்கும் போவதில்லை. நாளுக்கு ஐந்தாறு சிகரெட் பழக்கம் உண்டு. பார்மசியில் வாங்கும் நோக்குளிசை போட்டால் கொஞ்சம் சுகம். அம்மா இது கிட்னியோ என்று அழுகிறா. அப்பாவுக்கு ஐம்பது வயது, அவரும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பார். என் முதுகெலும்பு இந்த வயதிலேயே பழுதாகிவிட்டதா? இனி இப்படித்தானா?

பதில்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களை இரவில் புரள வைப்பது அதுதான். உங்கள் முதுகெலும்பு பழுதாகவில்லை. கை வைத்துப் பார்க்காமல் என்னைப் போன்ற எந்த இயன் மருத்துவராலும் (பிசியோதெரபிஸ்ட்) முழு உத்தரவாதம் தர முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது சுகமாகக்கூடிய சாதாரண நாரி நோ. 'சாதாரணம்' என்றதும் கோபப்படாதீர்கள், நோ சின்னது என்று சொல்லவில்லை. நாரி நோவென்று வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, இன்ன இடத்தில் இன்ன பழுது என்று விரல் வைத்துக் காட்ட எதுவும் இருப்பதில்லை. 2020இல் மட்டும் உலகில் 619 மில்லியன் பேருக்கு இந்த நோ இருந்ததாகக் கணக்கு. நீங்கள் தனி ஆள் இல்லை.

இதைச் சொல்வதற்கு முன் உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நாரி நோக் கதை கேட்கும்போது நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும் சில சொற்கள் உண்டு. சலம் வராமல் அடைப்பது, அல்லது தெரியாமலே போய்விடுவது. மலத்தை அடக்க முடியாமல் போவது. சைக்கிள் சீற்றில் படுகிற இடம் மரத்துப்போவது. பாதம் தூக்க வராமல் இழுபடுவது. இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த இரவே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று இருக்கக் கூடாது, என்னிடமும் வரக் கூடாது. முள்ளந்தண்டின் அடியில் இருக்கிற நரம்புக் கற்றை நசிபட்டால் தாமதிக்கிற ஒவ்வொரு மணித்தியாலமும் இழப்புத்தான். காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, படுத்தாலும் குறையாத இரவு நோ, முன்பு புற்றுநோயோ காசநோயோ வந்த வரலாறு, விழுந்த அடி, இவையும் டொக்டரிடம் நேரே போகவேண்டிய கதைகள். உங்கள் கடிதத்தில் இவை ஒன்றும் இல்லை. கால் இழுவையும் பின்தொடையோடு நின்றுவிடுகிறது. முழங்காலுக்குக் கீழே பாதம் வரை மின்சாரம் மாதிரி ஓடினால், விரல் மரத்தால், அது நரம்பு வேரின் கதை. அப்படி வந்தாலும் அநேகருக்குச் சில கிழமைகளில், சில மாதங்களில் தணிந்துவிடும். பிதுங்கிய டிஸ்க் துண்டை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துவிடுவதை ஸ்கானிலேயே பார்த்திருக்கிறார்கள்.

உங்கள் வயதுக்காரர்களிடம் நான் கட்டாயம் கேட்கும் கேள்வி காலை விறைப்பைப் பற்றியது. நீங்கள் பத்து நிமிடம் என்கிறீர்கள். சரி. அதுவே அரை மணித்தியாலத்துக்கு மேல் என்றால், ஓய்வெடுத்தால் கூடி நடந்தால் குறைந்தால், இரவின் பின்பாதியில் நோவில் விழிப்பு வந்தால், நோ பிடித்து மூன்று மாதத்துக்கு மேலாகி, தொடங்கியது 40 வயதுக்கு முன் என்றால், அது வேறு வருத்தமாக இருக்கலாம். அங்கிலோசிங் ஸ்பொண்டிலைட்டிஸ் என்று பெயர். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இடுப்பு மூட்டையும் முள்ளந்தண்டையும் அழற்சியாக்குகிற நோய். இளம் ஆட்களைத்தான் பிடிக்கும். சிலருக்குக் கண் சிவந்து வலிக்கும், சிலருக்குத் தோலில் சொரியாசிஸ் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க வருடக்கணக்காகிறது. காரணம், வீட்டில் எல்லாரும் 'கணினி முன்னால் இருந்தால் இப்படித்தான்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. உங்கள் சிநேகிதர்களில் யாருக்காவது இப்படி இருந்தால் வாத நோய் வைத்தியரிடம் போகச் சொல்லுங்கள்.

அடுத்தது ஸ்கான். எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிற இடம் இதுதான்.

நாரி நோவே இல்லாத 3110 பேரின் ஸ்கான் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதில் 20 வயதுக்காரர்களில் 37 சதவீதத்தினருக்கு டிஸ்க் தேய்மானம், 30 சதவீதத்தினருக்கு பல்ஜ். 30 வயதில் தேய்மானம் 52 சதவீதம். 80 வயதில் கிட்டத்தட்ட எல்லாருக்கும். இவர்கள் ஒருவருக்கும் நோ இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். உங்களோடு மென்பந்து விளையாடுகிற பெடியளை வரிசையாகப் படுக்கவைத்து ஸ்கான் எடுத்தால், சிக்ஸர் அடிக்கிறவனுக்கும் இதே வரி எழுதி வரும். இளநரை மாதிரி இது. சிலருக்கு முந்தி வரும், சிலருக்குப் பிந்தி வரும், நரைத்ததால் தலை நோவதில்லை. ஸ்கான் படத்தில் பிழை இல்லை. வாசித்துச் சொன்னவர் 'இது உன் வயதில் பலருக்கு இருப்பதுதான்' என்ற ஒரு வசனத்தையும் சேர்த்திருந்தால் உங்கள் மூன்று மாதம் வேறு மாதிரிப் போயிருக்கும். அந்த ஒரு வசனம் கேட்காமல் பெல்ட்டோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்களை எண்ணி முடியாது.

'டிஸ்க் விலகிவிட்டது' என்கிற பேச்சையும் விட்டுவிடுங்கள். டிஸ்க் என்பது இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே சவர்க்காரம் மாதிரி வழுக்குகிற சாமான் இல்லை. நார்நாராக எலும்போடு பின்னிப் பிணைந்தது. பாரம் படப்படத்தான் அது பலமாகும். நீண்ட காலம் ஓடிப் பழகியவர்களின் டிஸ்க், ஓடாதவர்களுடையதைவிட நல்ல நிலையில் இருந்ததாக 2017இல் ஓர் ஆய்வு காட்டியது.

அப்படியென்றால் ஏன் பிடித்தது? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. திருகோணமலைக் கடலை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாடையில் கடல் கொந்தளிக்கும், தொழில் படுத்துவிடும். பங்குனி, சித்திரையில் கடல் அடங்கும். அந்த மாரி முழுக்க நீங்கள் கட்டிலில் சாய்ந்துகொண்டு விசைப்பலகை தட்டினீர்கள். பிறகு ஒரே கிழமையில் ஐஸும் மீனுமாக நிறைந்த பெட்டிகள். ஐம்பது வயது அப்பா அதையே தூக்குகிறார், அவருக்கு இப்படிப் பிடிக்கவில்லை. ஏனென்றால் அவர் உடம்பு முப்பது வருடமாக அந்தப் பாரத்துக்குப் பழகியது. பாரம் கெட்டதில்லை. பழகாத உடம்பில் பாரம் சடாரென்று ஏறினதுதான் வினை. கோணமலையைப் பெயர்க்கப்போன இராவணனுக்கே மலையில் ஒரு வெட்டுத்தான் மிச்சம் என்று நாங்கள் கிளினிக்கில் பகிடி விடுவோம்.

அதோடு நித்திரையைப் பாருங்கள். ஒரு மணிக்கு வேலை முடிந்து நாலரைக்கு எழும்பினால் முழுதாக நான்கு மணித்தியாலம்கூட இல்லை. அவுஸ்திரேலியாவில் திடீரென்று நாரி பிடித்த 999 பேரிடம், பிடித்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். களைப்போடு இருந்தால் பிடிக்கும் வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடியது. வேறு யோசனையில் கவனம் சிதறியிருந்தபோது தூக்கினவர்களுக்கு அதைவிடப் பல மடங்கு. காலை ஏழு மணிக்கும் நண்பகலுக்கும் இடையில்தான் அதிகமானோருக்குப் பிடித்திருக்கிறது. காலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இரவு படுத்திருக்கையில் டிஸ்குகள் நீரை உறிஞ்சி ஊதியிருக்கும். விடிய எழும்பும்போது நாம் ஒன்று, ஒன்றரை சென்டிமீற்றர் உயரமாகக்கூட இருப்போம். அந்த நேரத்தில் முதுகை வளைத்தால் டிஸ்கில் இழுவை கூட. எழும்பி நடமாட, முதல் மணித்தியாலத்திலேயே கூடின நீரில் பாதி வெளியேறிவிடும். ஆகவே திரும்ப மீனுக்குப் போகிற நாளில், எழும்பிய கையோடு பெட்டிக்குக் குனியாமல் முதல் ஒரு மணித்தியாலம் தராசு, கணக்கு, வாகனம் என்று நின்றுகொண்டு செய்கிற வேலையைப் பாருங்கள்.

சிகரெட்டைக் கடிதத்தில் ஓரமாக எழுதியிருக்கிறீர்கள். நான் ஓரத்தில் விடமாட்டேன். புகைப்பவர்களுக்கு நாரி நோ கூட வருகிறது. அந்தத் தொடர்பு வயதானவர்களைவிட இளம் வயதினரிடம் பலமாகத் தெரிகிறது. ஐந்தாறுதானே என்கிறீர்கள். ஐந்தாறு என்றால் விடுவதும் அவ்வளவு கஷ்டமில்லை. உடல் நிறைக்கும் நோவுக்கும் தொடர்பு உண்டு, மனப்பாரத்துக்கும் உண்டு. பிடிக்காத வேலை, கடன், வெளிநாடு போகிற கவலை, இவற்றை நான் கேட்டால் சில பேர் 'மனநோய் என்கிறீர்களா மிஸ்' என்று முகம் சுளிப்பார்கள். அப்படி இல்லை. நோவின் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற ஒரு திருகு மூளையில் இருக்கிறது. நித்திரைக் குறைவும் பயமும் அதைக் கூட்டிவிடும். சப்பாத்து நூலுக்குப் பயப்படுகிற ஆளுக்கு அது முழுதாகத் திருகி வைத்திருக்கிறது என்று அர்த்தம். இளம் வயது நாரி நோவுக்கு இவ்வளவு காரணங்கள் சொன்னாலும், மீண்டும் வரும் என்பதற்கு மிகப் பலமான அடையாளம் ஒரு தரம் ஏற்கெனவே வந்திருப்பதுதான். அதை மாற்ற முடியாது. மற்றவற்றை மாற்றலாம்.

இருக்கிற விதத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மா 'நிமிர்ந்து இரு' என்று சொல்லிக்கொண்டே இருப்பா என்று எனக்குத் தெரியும். எல்லா அம்மாவும் சொல்வதுதான். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு சரியான விதம் கிடையாது. சாய்ந்தும் இருக்கலாம், கூனியும் இருக்கலாம், ஏழு மணித்தியாலம் ஒரே விதமாக மட்டும் இருக்கக் கூடாது. கட்டிலை நித்திரைக்கு விடுங்கள், மடிக்கணினியை மேசைக்குக் கொண்டுபோங்கள். விலையுயர்ந்த கதிரை வேண்டாம், சாப்பாட்டு மேசைக் கதிரையில் ஒரு தலையணை வைத்தாலே காணும். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் எழும்பித் தண்ணீர் குடியுங்கள். சின்னக் குவளையில் குடித்தால் அடிக்கடி எழும்பத்தான் வேண்டும்.

சரி, இனி என்ன செய்வது?

நடையிலிருந்து தொடங்குங்கள். அவுஸ்திரேலியாவிலேயே, நாரி நோ வந்து சுகமான 701 பேரை வைத்து நடந்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. மெல்ல மெல்லக் கூட்டி, கிழமையில் ஐந்து நாள் அரை மணித்தியாலம் வரை நடந்தவர்களுக்கு நோ திரும்பி வர எடுத்த காலம் நடுவாக 208 நாள்; அந்தத் திட்டம் இல்லாதவர்களுக்கு 112 நாள். இதைவிட மலிவான வைத்தியம் எனக்குத் தெரியாது. உங்களுக்குக் கடற்கரை வாசலில் இருக்கிறது. ஆனால் காய்ந்த மணலிலும் சரிவிலும் தொடங்காதீர்கள், ஒரு கால் மேடும் ஒரு கால் பள்ளமுமாகப் போகும். ஈரமான தட்டை மணல், இல்லாவிட்டால் நிலாவெளி வீதியில் அலஸ்தோட்டப் பக்கம். முதல் கிழமை பத்து நிமிடம் போதும். கச்சான் காற்று அனலாக அடிக்கிற பின்னேரங்களை விட்டு, வெயில் ஏறமுன் போங்கள். ஐந்தாறு கிழமையில் கோட்டை வாசலிலிருந்து மான்களைப் பார்த்துக்கொண்டு கோணேசர் கோயில் ஏற்றம் ஏறி இறங்க உங்களால் முடியும் என்று நினைக்கிறேன்.

கூடவே குனிந்து பழகுங்கள். ஆம், குனியத்தான். கட்டிலில் மல்லாக்கப் படுத்து இரண்டு முழங்காலையும் நெஞ்சுக்கு இழுங்கள். அதுவும் குனிவுதான், முதுகில் பாரம் மட்டும் குறைவு. இரண்டு நாளில் கதிரையில் இருந்தபடி கணுக்காலைத் தொடுங்கள். பிறகு நின்றபடி சப்பாத்து நூல். ஒவ்வொரு தரமும் மூச்சைப் பிடிக்காமல் செய்யுங்கள். மூச்சைப் பிடித்து உடம்பை இறுக்கிக்கொண்டு குனிவதுதான் உங்களுக்கு இப்போது நோவைக் கூட்டுகிறது என்று சந்தேகப்படுகிறேன்.

பாரத்துக்கு ஐந்து லீற்றர்த் தண்ணீர்க் கான் எடுத்துக்கொள்ளுங்கள், நிறைத்தால் ஐந்து கிலோ, தராசு தேவையில்லை. நிலத்திலிருந்து மேசைக்குப் பத்துத் தரம், ஒருநாள் விட்டு ஒருநாள். அடுத்த கிழமை இரண்டு கான். அதற்கடுத்து ஐஸ் பெட்டியைக் கால்வாசி நிரப்பி. இப்படிப் படிப்படியாக ஏற்றி, இரண்டு மாதத்தில் முழுப் பெட்டிக்கு வரலாம். செய்யும்போது கொஞ்சம் நோவது பிரச்சினை இல்லை. மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. வராவிட்டால் ஒரு படி இறங்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். 'முதுகை நேராக வைத்து முழங்காலை மடித்துத் தூக்கு' என்று சுவரொட்டிகளில் பார்த்திருப்பீர்கள். தூக்கும் முறையைக் கற்பிப்பதால் மட்டும் நாரி நோ குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. பெட்டியை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள், நிறைந்த பெட்டிக்கு இன்னொரு ஆளைக் கூப்பிடுங்கள், தூக்கும்போது போனில் கதைக்காதீர்கள்.

பெல்ட்டை இறக்கிவிடலாம். 2023 கடைசியில் உலக சுகாதார அமைப்பு நாட்பட்ட நாரி நோவுக்கான வழிகாட்டியை வெளியிட்டது. இடுப்புப் பட்டியும் இழுத்துக் கட்டும் சிகிச்சையும் வழக்கமாகக் கொடுக்கத் தேவையில்லாதவை என்று அதில் இருக்கிறது. கொழும்புக்கு ஏழு மணித்தியால பஸ் பயணம் என்றால் துணைக்குக் கட்டிக்கொள்ளுங்கள், கோபிக்கமாட்டேன். பலகையில் படு, வெறும் நிலத்தில் படு என்று யாராவது சொன்னால் அதையும் கேட்க வேண்டாம். ஸ்பெயினில் 313 பேரை வைத்துப் பார்த்ததில் மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தரமானதில் படுத்தவர்களுக்குத்தான் சுகம் கூட. அம்மா எண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிடுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். சூடு தசையை இளக்கும், அம்மாவின் கை பயத்தை இளக்கும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிப்பதும் அப்படித்தான், டிஸ்கை மாற்றாது, ஆனால் குளித்துவிட்டு வருகிற அந்த ஒரு மணித்தியால இளக்கத்தில் பயிற்சியைச் செய்தால் சுலபமாக இருக்கும். நாரியைச் சடக்கென்று முறித்து டிஸ்கை 'உள்ளே தள்ளி' விடுகிறேன் என்கிறவர்களிடம் போக வேண்டாம்.

இப்போது கிட்னி. அம்மாவின் பயத்தை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். காரணம் தெரியாத சிறுநீரக நோய் தொண்ணூறுகளிலிருந்து வட மத்திய மாகாணத்தை உலுக்கிவருகிறது, எங்கள் மாவட்டத்திலும் பதவி ஸ்ரீபுரப் பக்கம் அதன் பாதிப்பு உண்டு. ஆகவே நாரியில் கை வைத்தால் கிட்னி ஞாபகம் வருவது இயல்பு. ஆனால் அந்த நோய் நாரி நோவாக வந்து கதவைத் தட்டுவதில்லை. தொடக்கத்தில் சத்தமே இல்லாமல் இருக்கும். சிறுநீரகத்தால் வரும் நோ நாரிக்கு மேலே, விலா எலும்புக்குக் கீழே, பெரும்பாலும் ஒரு பக்கமாக இருக்கும். குனிந்தாலும் நிமிர்ந்தாலும் மாறாது. கல் என்றால் அலை அலையாக வந்து அரைக்கு இறங்கும், ஆளை ஒரு இடத்தில் இருக்க விடாது. உங்களுக்கோ பெட்டி தூக்கும்போது பிடித்தது, குனிந்தால் கூடுகிறது. அம்மாவின் மனசாறுதலுக்காக சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டுகிற, இரத்தத்தில் கிரியேட்டினினும் சலத்தில் புரதமும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள், சின்னப் பரிசோதனைதான்.

இன்னொரு காரணத்துக்காகவும் அதைப் பார்க்கச் சொல்கிறேன். அம்மா நோவைக் கண்டு கிட்னிக்குப் பயப்படுகிறா, நானோ அந்த நோவுக்கு நீங்கள் போடுகிற குளிசையைக் கண்டு கிட்னிக்குப் பயப்படுகிறேன். பார்மசியில் துண்டு இல்லாமல் வாங்குகிற நோக்குளிசை அநேகமாக டைக்ளோபெனாக் அல்லது இபுபுரூபன் வகையாக இருக்கும். சில நாளைக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு, வைத்தியர் சொன்ன அளவில் போட்டால் உதவும். மூன்று மாதம் தொடர்ந்து போட்டால், அதிலும் வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடித்துக்கொண்டு போட்டால், வயிற்றில் புண்ணும் சிறுநீரகத்தில் கேடும் வரலாம். எத்தனை போட்டீர்கள் என்று எண்ணி வைத்து டொக்டரிடம் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். பனடோல், அதாவது பரசிட்டமோல், சொன்ன அளவில் போட்டால் பாதுகாப்பானதுதான், ஆனால் புதிதாகப் பிடித்த நாரி நோவில் பரசிட்டமோல் போட்டவர்களும் மருந்தில்லாத வெறும் மாத்திரை போட்டவர்களும் ஏறக்குறைய ஒரே நாளில், பதினாறு பதினேழு நாளில், சுகமானார்கள் என்று 2014இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. ஒரு விடயத்தை மட்டும் அடிக்கோடிட்டு வையுங்கள்: காய்ச்சலோடு நாரி நோவும் மேல் நோவும் வந்தால் அது டெங்குவாக இருக்கலாம். அந்த நேரத்தில் டைக்ளோபெனாக் வகை ஒன்றையும் தொடக் கூடாது, இரத்தக் கசிவில் கொண்டுபோய் விட்டுவிடும். அப்போது பரசிட்டமோலும் வைத்தியசாலையும்தான்.

மென்பந்துக்கு எப்போது போகலாம்? களத்தடுப்புக்கு அடுத்த மாதமே போகலாம். நீங்கள் வேகப்பந்து வீச்சாளர் என்றால் ஒரு கேள்வி உண்டு. ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளைந்தால், பந்து போடும் கைக்கு எதிர்ப்பக்க நாரியில் ஒரு புள்ளியில் சுள்ளென்று குத்துகிறதா? அப்படியென்றால் பந்தை வைத்துவிட்டு முதலில் காட்டுங்கள். இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு முள்ளெலும்பின் பின்பகுதியில் மயிர் அளவு வெடிப்பு விழும், அதற்கு மாதக்கணக்கில் பந்துவீச்சை நிறுத்துவதுதான் மருந்து. 17 வயதுப் பாடசாலைப் பெடியன் ஒருவன் ஒரு பருவம் முழுக்கத் தைலம் பூசிப் பூசியே பந்து போட்டுவிட்டு என்னிடம் வந்தான். 'சுளுக்கு' என்று எல்லாரும் சொன்னார்களாம். உங்கள் கதை அப்படி இல்லை, குனிந்தால்தான் நோகிறது. இருந்தாலும் கேட்டுவைத்தேன்.

இதற்கிடையில் ஒருநாள் நோ திரும்பவும் கூடும். கூடாது என்று சொல்ல நான் சாத்திரக்காரி இல்லை. நான்கு வருடத்துக்கு முன், ஊருக்கெல்லாம் குனியப் பழக்குகிற எனக்கே, முற்றத்தில் பூச்சட்டி நகர்த்தப்போய்ப் பிடித்தது. மூன்று நாள் வெந்நீர்ப் போத்தலும் மெது நடையுமாகத் திரிந்தேன், நோயாளிகள் பார்த்துச் சிரித்தார்கள். அப்படி வந்தால் ஒன்றிரண்டு நாள் வேலையைக் குறையுங்கள், ஆனால் கட்டிலில் ஏறிப் படுத்துவிடாதீர்கள். ஏழு நாள் படுக்கை ஓய்வு எடுத்தவர்கள் இரண்டு நாள் எடுத்தவர்களைவிட ஒன்றும் கூடுதலாகச் சுகமாகவில்லை என்பது 1986லேயே தெரிந்துவிட்டது. எங்கள் வீடுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஆறு கிழமை இப்படிச் செய்தும் மாற்றமே இல்லையென்றால், அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, இயன் மருத்துவப் பிரிவுக்குத் துண்டு எழுதுவித்துக்கொண்டு வாருங்கள். காசு தேவையில்லை. ஸ்கானைக் கொண்டுவந்தால் பார்ப்பேன், ஆனால் முதலில் உங்களைக் குனியச் சொல்லித்தான் பார்ப்பேன்.

அப்பாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள், 'ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பார்' என்று. டிஸ்க் தேய்வதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. பின்லாந்தில் இரட்டையர்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்ததில், தூக்கிய பாரத்தைவிட பிறப்பு வழி வந்ததுதான் அதிகம் பேசியது. ஆகவே உங்கள் ஸ்கானில் இருப்பதில் ஒரு பங்கு அவர் தந்த சீதனம். ஆனால் ஐம்பது வயதில் ஒரு பக்கம் சாய்ந்து நடப்பது நாரியால் மட்டும் வருவதில்லை, தொடை மூட்டுத் தேய்ந்தாலும் அப்படி நடப்பார்கள். அவரையும் பார்க்க வேண்டும். 'உங்களைக் காட்டக் கூட்டிப்போகிறேன்' என்றால் இந்த வயது அப்பாமார் வரமாட்டார்கள். 'எனக்குத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும்' என்று சொல்லிக் கூட்டி வாருங்கள்.